மொட்டைக் கடுதாசியும் புனைபெயரும் ஒன்றா சார்?

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், ரொம்ப நாள் கழித்து ஒரு வாய்ச்சண்டை போட்டேன். இடம், லேக் மார்க்கெட் பக்கம் ஒரு நண்பர் வீட்டு மாடி. விஷயம், இங்கே இருக்கிற தமிழர் சங்கம் ஒன்றின் ஆண்டு மலர். (எந்தச் சங்கம் என்று கேட்காதீர்கள். கல்கத்தாவில், சரி, கொல்கத்தாவில், நாம் இருப்பதே ஒரு கைப்பிடி. அதில் இன்னொரு பிளவு என்னால் வர வேண்டாம்.)

மலர்க்குழு தீர்மானம் போட்டிருக்கிறது. இந்த வருஷத்திலிருந்து எழுதுகிறவர்கள் சொந்தப் பெயர், விலாசம், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ மூன்றும் தர வேண்டுமாம். மூன்றும் அச்சாகுமாம். புனைபெயருக்கு இடமில்லை. "முகம் காட்டத் தைரியம் இல்லாதவங்க எழுதவே வேணாம் சார். பேர் போடாம எழுதறதுக்குப் பேரு மொட்டைக் கடுதாசி" என்றார் செயலாளர். நல்ல மனுஷன்தான். பொங்கல் விழாவுக்கு வருஷா வருஷம் கைக்காசு போடுகிறவர். ஆனால் இந்த விஷயத்தில் அவர் சொன்னது சுத்தப் பேத்தல்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்றால், திருப்பி அனுப்பப்பட்ட கட்டுரை என் வீட்டுக்காரியுடையது.

ஐந்து பக்கம். 2004ல் கல்யாணமாகி மாயவரத்தில் ஒரு வீட்டுக்குள் நுழைந்த பெண்ணின் முதல் வருஷம். காபிப்பொடி டப்பா யார் கையில் இருந்தது, ஆண்கள் எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு குழம்பில் என்ன மிச்சம் இருந்தது, மாதத்தில் மூன்று நாள் கொல்லைப்புற அறையில் என்னென்ன யோசித்தாள், இதெல்லாம். ஒரு வார்த்தை வசை கிடையாது. சில இடங்களில் சிரிப்பு வருகிறது. அதில் வரும் மாமியார் என் அம்மா. எதற்கும் வாயைத் திறக்காத ஒரு பிள்ளை வருகிறான், அவன் யாரென்று உங்களுக்கே புரிந்திருக்கும். கீழே "பொன்னி" என்று கையெழுத்து.

இது அவள் பெயரோடும் போட்டோவோடும் வந்தால் என்ன ஆகும்? மலர் இங்கேயேவா இருக்கும்? ஷாலிமாரில் யாராவது கோரமண்டல் ஏறும்போது பையில் போகும். பத்தே நாளில் மாயவரம் கூடத்தில் என் தம்பி சத்தமாகப் படிப்பான். அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. அவளும் மாறிவிட்டாள், இப்போது இவள் இல்லாமல் ஒரு மருந்து மாத்திரை முடிவெடுக்க மாட்டாள். அந்த ஐந்து பக்கத்தைப் பெயரோடு படிக்க வைப்பது தைரியமா, கொடுமையா?

இப்போது மொட்டைக் கடுதாசிக்கு வருவோம். அந்த ஜந்துவை எனக்குத் தெரிகிற அளவு செயலாளருக்குத் தெரியாது. வங்கியில் இருபது வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டுகிறேன். "மேனேஜர் லஞ்சம் வாங்குகிறார், இப்படிக்கு உண்மை விளம்பி" ரகம் எத்தனை! மத்திய கண்காணிப்பு ஆணையமே (நம்ம சிவிசி) 1999ல் சுற்றறிக்கை விட்டு, பெயரில்லாத, பொய்ப்பெயர் போட்ட புகார்கள் மேல் நடவடிக்கை எடுக்காதே என்றது. பார்த்தீர்களா, அரசாங்கமே சொல்கிறதே என்று செயலாளர் துள்ளலாம். பொறுங்கள் சார், கதை அதோடு முடியவில்லை.

சத்யேந்திர துபே என்ற இளம் இஞ்சினியர் நெடுஞ்சாலை வேலைகளில் நடக்கும் முறைகேட்டைப் பற்றி 2002ல் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதினார். சொந்தப் பெயரில்தான் எழுதினார், பெயரை வெளியிடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். கடிதம் பெயரோடு மேஜை மேஜையாகச் சுற்றியது. 2003 நவம்பரில் கயாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். வழிப்பறி என்றது விசாரணை. நம்பாதவர்கள் இன்றும் உண்டு. அந்தக் கொந்தளிப்புக்குப் பிறகுதான் 2004ல் புது ஏற்பாடு வந்தது. புகார் தருகிறவர் பெயரும் விலாசமும் தர வேண்டும், ஆணையம் அதை வெளியே விடக்கூடாது. அதாவது ஒருத்தருக்குத் தெரியும், ஊருக்குத் தெரியாது.

புனைபெயர் என்பது அச்சு அசல் இதேதான். "பொன்னி" யார் என்று மலர்க்குழுவுக்குத் தெரியும், விலாசம் தெரியும், அவர்கள் வீட்டு விசேஷங்களுக்குச் சாம்பார் கிளறிக் கொடுத்தவள்தான் அவள். ஏதாவது தப்பாக எழுதினால் கூப்பிட்டுக் கேட்கலாம். மொட்டைக் கடுதாசிக்காரனை எங்கே போய்க் கேட்பீர்கள்? எங்கள் பாஷையில் சொன்னால், கேஒய்சி முடித்த கணக்கு ஒன்று, பினாமிக் கணக்கு மற்றொன்று. கணக்கு யாருடையது என்று கிளைக்குத் தெரிந்தால் போதும், கிளை வாசலில் எழுதி ஒட்ட வேண்டியதில்லை. வங்கித் தேர்வுக்குப் படித்தவர்களுக்கு 1924ன் டூர்னியர் வழக்கு ஞாபகம் இருக்கும். வாடிக்கையாளர் ரகசியத்தைக் காப்பது வங்கியின் கடமை, சட்டம் கேட்டால் ஒழிய. பத்திராதிபருக்கும் அதே கடமை உண்டு என்கிறேன்.

செயலாளர் பேசிக்கொண்டிருந்தபோது அவர் தலைக்குப் பின்னால் பாரதி படம் மாட்டியிருந்தது. ஷெல்லிதாசன், காளிதாசன், சக்திதாசன் என்றெல்லாம் கையெழுத்துப் போட்ட மனுஷன்! போன மலரில் பொன்னியின் செல்வன் பற்றி நான்கு கட்டுரை. எழுதியவர் பெயர் ரா. கிருஷ்ணமூர்த்தி என்று ஒருத்தராவது போட்டாரா? கல்கிதான். பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் இருந்த எஸ். ரங்கராஜன், ஏற்கெனவே ரா.கி. ரங்கராஜன் எழுதிக்கொண்டிருந்ததால் மனைவி பெயரை எடுத்துக்கொண்டு சுஜாதா ஆனார். ஆண் பெண் பெயரில் எழுதினால் ரசனை, பெண் வேறு பெயரில் எழுதினால் கோழைத்தனமா?

அட, தமிழ்நாட்டை விடுங்கள். நாம் சோறு தின்கிற இந்த ஊரைப் பாருங்கள். தீனபந்து மித்ரர் தபால் இலாகா உத்தியோகஸ்தர், அரசாங்கச் சம்பளம். ஊர் ஊராகச் சுற்றுகிற வேலையில் அவுரித் தோட்டத் துரைமார்கள் குடியானவர்களைப் படுத்திய பாட்டைக் கண்ணால் பார்த்தவர். 1860ல் டாக்காவில் "நீல் தர்ப்பண்" நாடகம் வந்தபோது அவர் பெயர் அதில் இல்லை, யாரோ ஒரு வழிப்போக்கன் எழுதியது என்றுதான் இருந்தது. ஆங்கில மொழிபெயர்ப்பிலும் பெயர் இல்லை, "இந்நாட்டான் ஒருவன்" மட்டும். (மைக்கேல் மதுசூதன் தத்தர்தான் அது என்று பங்கிம் சந்திரர் பிற்பாடு எழுதினார். இல்லை என்பவர்களும் உண்டு.) அதை வெளியிட்ட ஜேம்ஸ் லாங் பாதிரியார் மேல் 1861ல் இதே ஊர் சுப்ரீம் கோர்ட்டில் அவதூறு வழக்கு. மொழிபெயர்த்தவர் பெயரை அவர் கடைசிவரை சொல்லவில்லை. ஒரு மாதம் ஜெயில், 1000 ரூபாய் அபராதம். கோர்ட்டிலேயே அந்த ஆயிரத்தைக் கட்டியவர் காளிபிரசன்ன சிங்கர். அடுத்த வருஷம் இந்தப் பட்டணத்துப் பெரிய மனிதர்களை நையாண்டி செய்து அவர் புத்தகம் வந்ததே, அது எந்தப் பெயரில் தெரியுமா? "ஹுதோம்", அதாவது ஆந்தை!

பெஹாலாப் பக்கம் போனால் ஜேம்ஸ் லாங் பெயரில் சாலையே இருக்கிறது. பெயரைக் காப்பாற்றிய பத்திராதிபருக்கு வங்காளிகள் செய்த மரியாதை அது. நம் மலர்க்குழு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ கேட்கிறது.

சொந்தப் பெயரில் எழுதினால் என்ன ஆகும் என்பதற்கும் தூரம் போக வேண்டாம். பெருமாள்முருகன் தன் பெயரில், தன் ஊரைப் பற்றி, "மாதொருபாகன்" எழுதினார். 2015 ஜனவரியில் எழுத்தாளன் இறந்துவிட்டான் என்று அறிவிக்க வேண்டி வந்தது. சென்னை உயர்நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது 2016 ஜூலையில். பதினெட்டு மாதம். அவருக்குப் பின்னால் வாசகர்களும் வக்கீல்களும் நின்றார்கள். மாயவரத்து மருமகளுக்கு யார் நிற்பார்கள்? நானா? இருபது வருஷம் முன்னால் அந்தக் கூடத்தில் நின்ற லட்சணம்தான் கட்டுரையிலேயே இருக்கிறதே.

துவரங்குறிச்சியில் வயதுக்கு வந்த பின் வீட்டுக்குள் வைக்கப்பட்ட ஒரு பெண், ராஜாத்தி என்கிற ரொக்கையா, வீட்டாருக்குத் தெரியாமல் கவிதை எழுதி சல்மா என்று பெயர் வைத்துக்கொண்டார். 2025ல் மாநிலங்களவைக்குப் போனார். முதல் கவிதைக்கே போட்டோவும் விலாசமும் கேட்டிருந்தால் சல்மா என்று ஒருத்தர் நமக்குக் கிடைத்திருக்கவே மாட்டார்.

புனைபெயருக்குள் ஒளிந்துகொண்டு அடுத்தவன் வீட்டுப் பெண்களைப் பற்றிக் கன்னாபின்னாவென்று எழுதுகிற ஜென்மங்கள் இல்லையா? இருக்கிறார்கள். அதைப் போடாதீர்கள், அதற்குத்தானே மலர்க்குழு! சொந்தப் பெயரிலேயே அசிங்கமாக எழுதுகிறவர்களும் வேண்டிய மட்டும் இருக்கிறார்கள். போட்டோவில் சிரித்துக்கொண்டு.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். அரசு ஊழியர்களுக்கான 1964ஆம் வருஷ நடத்தை விதிகளில் எட்டாவது விதி, அனுமதியில்லாமல் பத்திரிகைக்கு எழுதக்கூடாது என்று முன்பு சொன்னது. சொந்தப் பெயரிலும் சரி, பெயரில்லாமலும் சரி, புனைபெயரிலும் சரி. இலக்கியம், கலை, விஞ்ஞானம் மட்டும் விலக்காக இருந்தது. எங்கள் வங்கி விதியும் அதே அச்சுதான். ஆக, புனைபெயர் என்னை ஆபீஸிடமிருந்து காப்பாற்றாது, சித்தப்பாவிடமிருந்துதான் காப்பாற்றும். கடன் வசூலுக்குப் போன இடத்தில் பார்த்த ஒரு வீட்டைப் பற்றி எழுதினால் அது இலக்கியமா, ஆபீஸ் விஷயமா என்று எந்த மேலதிகாரி எந்த மூடில் தீர்மானிப்பார்? என்னோடு வேலை பார்த்த ஒருத்தர் இப்படி ஒரு கதையைச் சொந்தப் பெயரில் எழுதினார். கேள்வி கேட்டு மெமோ வந்தது, பதில் கொடுத்தார், அதோடு விட்டுவிட்டார்கள். எழுதுவதை அவரும் விட்டுவிட்டார்.

இதையெல்லாம் செயலாளரிடம் இதே வரிசையில் சொன்னேன் என்று நினைக்காதீர்கள். பாதி ராஷ்பிஹாரி அவென்யூவில் நடந்து வரும்போதுதான் தோன்றியது. அங்கே நான் கத்தியது, "பேரு உங்ககிட்ட இருக்கே சார், ஊருக்கு எதுக்கு?" என்று மட்டும். குழுவில் வைக்கிறேன் என்றார்.

வீட்டுக்கு வந்து, "ஒருவேளை ஒத்துக்கலேன்னா, அந்தக் கொல்லைப்புறம் வர்ற பக்கத்தை மட்டும் எடுத்துட்டு உன் பேர்லயே குடுத்துடலாமா?" என்று கேட்டேன். இட்லிக்கு அரைத்துக்கொண்டிருந்தவள் கிரைண்டரை நிறுத்தவில்லை.

"பொன்னி பேர்ல முழுசா வரட்டும். இல்லேன்னா அந்தக் காகிதத்தை வாங்கிட்டு வந்துடுங்க" என்றாள்.

குழு அடுத்த சனிக்கிழமை கூடுகிறது.