எங்கள் ஆற்றுக்கு நீல நிறமா?

"இயற்கைக் காட்சி வரைக" என்றால் நாம் என்ன வரைகிறோம்? இரண்டு முக்கோண மலைகள், நடுவே உதிக்கும் சூரியன், நீல ஆறு, ஒரு குடிசை, ஒரு தென்னை. முதல் வகுப்பிலிருந்து நானும் இதையேதான் வரைந்து வந்தேன். ஆனால் நம் நெல்லைக்குப் பொதிகை மலை இருப்பது மேற்கே! அங்கே சூரியன் மறையுமே தவிர உதிக்காது. இத்தனை வருடங்களில் இது என் கண்ணில் படவேயில்லை.

இப்படிப் பார்க்காமல் வரைந்த படத்தை 'தத்ரூபம்' என்று புகழ்கிறோம். மலை, மரம் என்று எதையும் காட்டாமல், நிறங்களாலேயே நிலத்தையும் நீரையும் தீட்டும் அரூப ஓவியர்களைப் பார்த்து, "வரையத் தெரியாதவர்கள்" என்று சிரிக்கிறோம். நானும் சிரித்தவள்தான்.

ஓவியர் ஆதிமூலத்தைப் பற்றி அறிந்தபின் அந்தச் சிரிப்பு நின்றது. 1938-ல் திருச்சி மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் பிறந்து, கே. சி. எஸ். பணிக்கர் முதல்வராயிருந்த சென்னை ஓவியக் கல்லூரியில் பயின்றவர் அவர். காந்தியடிகளின் நூற்றாண்டான 1969-ல் அவர் தீட்டிய காந்தி கோட்டோவியங்கள் புகழ் பெற்றவை. நம் பக்கத்து இடைசெவல்காரரான கி. ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி'க்குப் படம் போட்டவரும் அவரே. கறுப்புக் கோட்டிலேயே ஓர் ஆளின் நடையைக் காட்டத் தெரிந்தவர், பிற்பாடு கோட்டை விட்டுவிட்டு எண்ணெய் வண்ணங்களுக்குப் போனார். அகன்ற நிறப் பரப்புகள், அவ்வளவுதான். 2008-ல் மறையும்வரை அவர் அந்த வழியை விடவில்லை. வரையத் தெரியாதவரா அவர்?

அவர் ஏன் அப்படிச் செய்தார் என்பது எனக்கு விளங்கியது புத்தகத்தால் அன்று, வெள்ளத்தால். 2023 டிசம்பர் 17, 18 நாட்களை நாம் மறப்போமா? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியது. குறுக்குத்துறை முருகன் கோவிலைத் தாமிரபரணி மூழ்கடித்தது. மாடியில் நின்று பார்த்தேன். கரை எது, தெரு எது, வயல் எது? ஒன்றும் தெரியவில்லை. மேலே சாம்பல், கீழே செம்பழுப்பு. அவ்வளவே காட்சி!

பின்னர் ஓர் ஓவியப் போட்டியில் 'எங்கள் ஆறு' என்று தலைப்புக் கொடுத்தார்கள். அந்த இரண்டு நிறங்களையும் தாள் முழுவதும் பூசி, நடுவே ஒரு மங்கலான கோட்டை மட்டும் விட்டேன். "ஆறு எங்கே அம்மா?" என்று நடுவர் கேட்டார். அருகிலிருந்தவர்கள் சிரித்தார்கள். பரிசு ஒரு நீல ஆற்றுக்குப் போயிற்று. (அந்தத் தோழி நன்றாகவே வரைந்திருந்தாள், அதையும் சொல்லிவிடுகிறேன்.)

புரியாத படம் எல்லாம் உயர்ந்த படம் என்று நான் வாதாட வரவில்லை. வண்ணத்தை வெறுமனே கொட்டிவிட்டுப் பெரிய பெயர் சூட்டுபவர்களும் இருக்கலாம். பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று சொல்வோம். ஆனால் "இது என்ன?" என்று கேட்குமுன் ஐந்து நிமிடமாவது அதன் முன் நிற்போமே! நம் ஓவிய வகுப்பும் மாதம் ஒருமுறை ஆற்றங்கரையில் நடக்கட்டுமே! கார் நெல் நாற்றின் பச்சை வேறு, பிசான நெல் விளைந்து நிற்கும் நிறம் வேறு. இவை நம் வண்ணப் பெட்டியில் இல்லை. கலந்துதான் பார்க்க வேண்டும்.

போட்டியிலிருந்து திரும்பிய அந்தத் தாளைச் சுருட்டிப் பரண்மேல் போட்டிருந்தேன். பொங்கலுக்கு வீடு சுத்தம் செய்கையில் ஆச்சி அதை விரித்துப் பார்த்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "இது அந்த மார்கழி வெள்ளம்லா?" என்றார்கள்.