முற்பணம் வாங்குமுன் ஒரு கணக்கு

இம்முறை, 2025இல், தீபாவளி ஒக்டோபர் 20, திங்கட்கிழமை. சம்பளம் 10ஆம் திகதி. இடையில் இருப்பது பத்தே நாள். இந்தப் பத்து நாளும் நம் லயங்களில் என்ன நடக்கும் என்று தோழர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் எழுதுகிறேன். பண்டிகையின் மிச்சம் கடைசியில் என் வகுப்பறைக்குத்தான் வந்து சேர்கிறது.

போன வருடம் தீபாவளி கழிந்து இரண்டு கிழமையாக எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று பாடசாலைக்கு வரவில்லை. லயத்துக்குப் போய்க் கேட்டேன். "காய்ச்சல் டீச்சர்" என்றார் தாய். பிள்ளை வாசலில் நல்ல சுகமாக நின்றது. உட்கார்ந்து பிளேன்டீ குடித்த பிறகுதான் உண்மை வந்தது. பழைய சப்பாத்து கிழிந்துவிட்டது. புதுச் சப்பாத்துக்கு வைத்திருந்த காசு கிழமைக் கடன்காரர் கைக்குப் போய்விட்டது. தீபாவளிக்கு எடுத்த சட்டை மட்டும், ஒரு நாள் உடுத்தியபடி, கொடியில் மடித்துக் கிடந்தது.

அந்தத் தாயை நான் குறை சொல்ல மாட்டேன். பக்கத்துக் காம்பராப் பிள்ளைகள் புதுசு உடுத்தி மத்தாப்புப் பிடிக்கும்போது தன் பிள்ளை பழசோடு நிற்பதை யார் பொறுப்பார்கள்? என் அம்மாவும் தோட்டை அடகு வைத்துத்தான் எனக்குப் பாவாடை எடுத்தார். அது மீண்டு வரவில்லை. அதை அறிந்த வருடத்திலிருந்து எனக்குத் தீபாவளி என்றாலே வயிற்றில் ஒரு கலக்கம்.

ஒவ்வொரு வருடமும் சங்கங்கள், நம் சங்கமும் சேர்த்துத்தான், "இவ்வளவு முற்பணம் பெற்றுக் கொடுத்தோம்" என்று சொல்லிக்கொள்கின்றன. இதைத் தலைவர்கள் கோபிக்காமல் கேட்க வேண்டும். முற்பணம் யாரும் தரும் கொடை அல்ல. நாம் இனிமேல் பறிக்கப்போகும் கொழுந்தின் காசு. 20,000 ரூபா வாங்கி, பத்து மாதத்தில் கழிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 2,000. 2025இல் இருந்த நாட்சம்பளம் 1,350இல் சேமலாப நிதிக்கு 8 வீதம், அதாவது 108 ரூபா, போனால் மிச்சம் 1,242. ஆக ஒவ்வொரு மாதமும் ஒன்றரை நாளுக்கு மேல் பழைய தீபாவளிக்காக மலை ஏறுகிறோம். மழையில் வேலை குறைந்து, அரைப்பேர் விழும் மாதத்திலும் அந்த 2,000 குறைவதில்லை.

கடனால் நம்மைக் கட்டிப்போடுவது இந்த மலைகளில் பழைய வித்தை. கங்காணி காலத்தில் "துண்டு" என்று ஒரு சீட்டு இருந்தது. தொழிலாளியின் கடன் அதில் எழுதியிருக்கும். அந்தக் கடனை அடுத்த தோட்டம் கட்டினால்தான் ஆள் அங்கே போகலாம். 1921இல்தான் அது ஒழிந்தது. இங்கே நம் ஹேவாஹெட்டப் பக்கத்து முல்லோயாத் தோட்டத்தில், 1940 ஜனவரியில், பொங்கலுக்குச் சில நாள் முன்பு, பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் கோவிந்தன் இறந்தார். அன்றைய போராட்டம் கூலி உயர்வுக்கானது. பண்டிகைக் கடனின் தொகையைக் கூட்டிக் கேட்பதற்கு யாரும் அங்கே நிற்கவில்லை.

முற்பணமே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. வட்டியில்லாத காசை விட்டுவிட்டு கிழமைக் கடனுக்கு ஓடுவது அதைவிட மோசம். ஆனால் தொகையைப் பற்றி மட்டும் பேசுவதை நிறுத்துவோம். காசு கைக்கு வரும் நாளைப் பற்றிப் பேசுவோம். பண்டிகைக்கு மூன்று நாள் முன்பு கொடுத்தால் எல்லோரும் ஒரே நாளில் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு தலாத்துஓயா வழியாகக் கண்டிக்குப் போகிறோம். சாயந்தர மழை, கடையில் நெரிசல், பேரம் பேச நேரமில்லை, சொன்ன விலை. இரண்டு கிழமைக்கு முன்பே கிடைத்தால் ஒரு ஞாயிறு நிதானமாகப் போய் வரலாம். வேலை குறைந்த மாதத்தில் கழிவைத் தள்ளிப்போடவும் கேட்க வேண்டும். எவ்வளவு கழிந்தது, எவ்வளவு மிச்சம் என்று சம்பளச் சீட்டில் ஒவ்வொரு மாதமும் எழுதச் சொல்ல வேண்டும். இவை பெரிய கோரிக்கைகள் அல்ல. துரைக்கு ஒரு சதம் நட்டமில்லை.

வீட்டுக்குள்ளும் ஒரு வார்த்தை. முந்தின நாள் வரை கொழுந்தெடுத்துவிட்டு வந்து, இரவு பன்னிரண்டு மணி வரை அடுப்படியில் முறுக்குச் சுடுவது யார்? கொழும்பிலிருந்து வரும் மகனுக்குப் படுக்க இடம் பார்ப்பது, மாமியார் வீட்டுக்குத் தட்டு அனுப்புவது, கடைப் பற்றுக்குப் பதில் சொல்வது எல்லாம் அதே பெண்தான். பிறகு "இவளுக்கு நல்ல நாளிலும் மூஞ்சி சரியில்லை" என்று பேச்சு. அண்ணன்மார் ஒன்று செய்யலாம். பலகாரம் மூன்று வகை போதும் என்று நீங்களே வாய் திறந்து சொல்லுங்கள். பெண் சொன்னால் கஞ்சத்தனம் என்பார்கள். போத்தலுக்கு ஒதுக்கும் காசையும் கணக்கில் எழுதுங்கள், ஒளிக்க வேண்டாம். எழுதிப் பார்த்தாலே பாதி குறையும் என்பது என் அனுபவம். (என் அப்பாவிடம் மட்டும் இது பலிக்கவில்லை.)

பிள்ளைகளிடமும் மறைக்காமல் பேசலாம். எட்டு வயதுப் பிள்ளைக்கும் கணக்குத் தெரியும். "இந்தத் தடவை சட்டை, ஜனவரியில் சப்பாத்து, மத்தாப்பு ஒரு பெட்டி" என்று முன்கூட்டியே சொன்னால் கேட்டுக்கொள்ளும். கடைசி நாள் கடை வாசலில் வைத்து "காசில்லை" என்று அதட்டினால்தான் அழும்.

2025 உயர்தரப் பரீட்சை நவம்பர் 10ஆம் திகதி தொடங்குகிறது. லயத்தில் எந்த வீட்டில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை இருக்கிறதோ, அந்தப் பக்கம் ஸ்பீக்கர் பெட்டியைத் திருப்பாதீர்கள். ராத்திரி ஒன்பது மணிக்குப் பிறகு வெடியும் வேண்டாம். கோவில் கமிட்டியிடம் நான் பேசிவிட்டேன், இளைஞர்களிடம் நீங்கள் பேசுங்கள்.

ஒக்டோபர் 12 ஞாயிறு காலை பத்து மணிக்குப் பிள்ளைக் காம்பராவில் மாதர் சங்கத்தோடு உட்காருகிறோம். கணவன் மனைவி இருவரும் வாருங்கள். போன வருட முற்பணம் இன்னும் கழிகிறதா என்று பார்க்க வேண்டும், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டுகளையும் கிழமைக் கடன் புத்தகத்தையும் எடுத்து வாருங்கள். பேனா நான் கொண்டு வருகிறேன்.