டான் கேபிள்: வெற்றிக் கணக்குக்கு அப்பால்

வெற்றி பெற்ற வீரரின் படத்தைப் பெரிதாகப் போடுவோம். அவரைப் பயிற்றுவித்தவரின் பெயர் செய்தியின் கடைசிப் பந்தியில் வரும். பக்கத்தில் இடம் போதாவிடின் முதலில் வெட்டப்படுவதும் அதுவே. நெடுங்காலம் பத்திரிகைத் தொழிலில் இருந்தவன் என்ற முறையில் அந்தப் பாவத்தில் எனக்கும் பங்குண்டு. அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் நிலைமை வேறு. மல்யுத்தம் என்றதும் அங்கு நினைவுக்கு வருவது ஒரு பயிற்றுவிப்பாளரின் பெயர்தான்: டான் கேபிள்.

கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1976 முதல் 1997 வரை 21 பருவங்கள் ஐயோவாப் பல்கலைக்கழக அணிக்கு அவர் தலைமைப் பயிற்றுவிப்பாளர். அவற்றுள் 15 பருவங்களில் அவ்வணி தேசிய சம்பியன். பிக் டென் எனப்படும் பிராந்தியக் கூட்டமைப்பின் பட்டத்தை 21 தடவையும் வேறெவருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. 1984 லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் அவர் பயிற்றுவித்த அமெரிக்க அணி கட்டற்ற பாணி மல்யுத்தத்தின் பத்துத் தங்கங்களில் ஏழினை வென்றது. (சோவியத் அணி அம்முறை வரவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.)

ஆயினும் இம்மனிதரைப் பற்றி வாசிக்கும்போதெல்லாம் என் மனம் நிற்பது வேறிடத்தில்.

1964இல், கேபிளுக்குப் பதினைந்து வயது. பெற்றோரோடு அவர் மீன்பிடிக்கச் சென்றிருந்த வேளை, வாட்டர்லூ நகரிலுள்ள அவர்களது வீட்டில் தனித்திருந்த அவருடைய ஒரே அக்கா கொலை செய்யப்பட்டார். அவ்வீட்டில் இனி வாழ இயலாதென்று பெற்றோர் எண்ணியபோது, அக்காவின் அறைக்குத் தமது படுக்கையை மாற்றிக்கொண்டார் அந்தச் சிறுவன். அதன் பின்னர் அவர் மேற்கொண்ட பயிற்சியின் கடுமையை வெறும் விளையாட்டு ஆர்வம் என்று என்னால் கருத முடியவில்லை.

பாடசாலையிலும் பல்கலைக்கழகத்திலுமாக 181 போட்டிகளைத் தொடர்ந்து வென்றார். 1970இல் மாணவராக ஆடிய கடைசிப் போட்டியில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் லாரி ஓவிங்ஸிடம் 13-11 என்று தோற்றார். ஓவிங்ஸ் கேபிளைச் சந்திப்பதற்கென்றே உடல் எடையைக் குறைத்துக்கொண்டு 142 இறாத்தல் பிரிவுக்கு இறங்கி வந்தவர். இரண்டு ஆண்டுகளின் பின், மியூனிக் ஒலிம்பிக்கில், எதிராளி எவருக்கும் ஒரு புள்ளிகூடக் கொடாது கேபிள் தங்கம் வென்றார். அந்தத் தோல்வி இல்லையேல் தாம் இவ்வளவு வளர்ந்திருக்க முடியாது என்ற கருத்தை அவரே பிற்காலத்தில் கூறியிருக்கிறார்.

தமது துயரத்தையும் தோல்வியையும் பலமாக்கிக்கொண்ட ஒருவர், அவ்வனுபவங்கள் எதுவுமில்லாத பதினெட்டு வயது மாணவனுக்கு அதே கடுமையைக் கற்பிக்க முடியுமா? கேபிளின் பட்டங்கள் முடியும் என்கின்றன. அவர் விசிலை ஊதிக்கொண்டு ஓரமாய் நின்றவரல்லர். மெத்தையில் இறங்கி மாணவரோடு தாமும் மோதியவர். மாணவனின் களைப்பு எந்த இடத்தில் நடிப்பாகிறது, எந்த இடத்தில் ஆபத்தாகிறது என்பதை அவர் தம் உடம்பால் அறிந்திருப்பார் என்றே நினைக்கிறேன். 1978 முதல் தொடர்ந்து ஒன்பது பட்டங்களை வென்ற அவ்வணி, 1987இல் பத்தாவதைத் தவறவிட்டது. வென்றது ஐயோவா மாநிலப் பல்கலைக்கழகம். கேபிள் மாணவராக ஆடிய அதே அணி. அடுத்த மூன்று ஆண்டுகளும் பட்டம் கிட்டவில்லை. 1991இல்தான் மீண்டும் வென்றார். ஒன்பது வெற்றிகளைவிட, வெறுங்கையோடு பயிற்சிக்கூடத்துக்குத் திரும்பிச் சென்ற அந்த நான்கு ஆண்டுகளே அவரைச் சிறந்த ஆசிரியர் என்று எனக்குக் காட்டுகின்றன.

1997 மார்ச்சில், இடுப்பு மூட்டுச் சத்திர சிகிச்சைக்குப் பின், ஊன்றுகோல்களோடு நின்று தமது கடைசிச் சுற்றுப்போட்டியை நடத்தினார். அணி எடுத்த 170 புள்ளிகள் 2024 வரை முறியடிக்கப்படாத சாதனை.

அதே ஆண்டின் இறுதியில், சுமார் ஒரு மாத இடைவெளியில், மூன்று வெவ்வேறு கல்லூரிகளைச் சேர்ந்த மல்யுத்த மாணவர் மூவர் இறந்தனர். எடையை விரைவாகக் குறைப்பதற்காக, நீராவி புகாத உடை அணிந்து, வெப்பமான இடத்தில் உடற்பயிற்சி செய்து, உடலின் நீரை வற்றச் செய்தவர்கள் அவர்கள். இதில் கேபிளுக்கோ அவரது பல்கலைக்கழகத்துக்கோ எவ்விதத் தொடர்புமில்லை. எனினும் எடைக் குறைப்பைத் துணிவின் அடையாளமாகப் போற்றிய ஒரு காலத்தின் தலைசிறந்த நாயகர் அவரே என்பதையும் மறைக்க இயலாது. ஓவிங்ஸின் வெற்றியை நாம் வியந்து எழுதும்போது, எடையைக் குறைத்து வந்த அந்தச் செய்தியையும் வியப்போடுதானே எழுதுகிறோம்?

1998 ஜனவரியில் விதிகள் மாறின. வெப்ப அறைகளும் அவ்வுடைகளும் தடைசெய்யப்பட்டன. எடை பார்க்கும் நேரம் போட்டி நேரத்துக்கு அருகே கொண்டுவரப்பட்டது. மூன்று உயிர்கள் போன பின்பு வந்த மாற்றம். மாணவரைக் கடுமையாக நடத்துவதற்குக் கேபிளின் பெயரை உதாரணம் காட்டும் பயிற்றுவிப்பாளர்கள், 15 பட்டங்களைச் சொல்லும் அதே மூச்சில் இந்த விதிகள் ஏன் வந்தன என்பதையும் தம் மாணவருக்குச் சொல்ல வேண்டும் என்பது என் கட்சி. அதை எழுதும் கடமை எங்களுடையது. கடைசிப் பந்தியில் எழுதினால் அதுவும் வெட்டுப்பட்டுவிடும்.