குழந்தை பேசவில்லையா? எந்த மொழியில் சோதித்தார்கள்?

காட்கோபர் கிழக்கில் காமராஜ் நகர் போன்ற பகுதிகளில் வளரும் தமிழ்க் குழந்தையின் காதில் ஒரு நாளைக்கு எத்தனை மொழிகள் விழுகின்றன? வீட்டில் தமிழ். சந்தில் இந்தி. பால்வாடியில் மராத்தி. பள்ளியில் சேர்த்தால் ஆங்கிலம். பெரியவர்களுக்கு இது பழகிப்போன சங்கதி. ஆனால் மூன்று வயதாகியும் குழந்தை சரியாகப் பேசவில்லை என்றால் பெற்றோருக்குக் கவலை பிறக்கிறது.

“இவன் அப்பனும் லேட்டாத்தான் பேசினான், பொறுத்திரு” என்பார் பாட்டி. “நாலு மொழி கேட்டுக் குழம்பிவிட்டான். வீட்டில் தமிழை நிறுத்துங்கள்” என்பார் பக்கத்து வீட்டுக்காரர். சில பள்ளிகளிலும் இதே யோசனையைச் சொல்கிறார்கள்.

இரண்டு யோசனைகளும் தவறானவை. முதலாவது, சிகிச்சைக்கு உரிய காலத்தை வீணாக்குகிறது. இரண்டாவது, குழந்தைக்கு நன்றாகத் தெரிந்த ஒரே மொழியையும் பறித்துவிடுகிறது.

முதலில் காது

பேச்சு வராத குழந்தையை ‘ஸ்பீச் தெரபிஸ்ட்’ எனப்படும் பேச்சு சிகிச்சை நிபுணரிடம் கொண்டுபோனால், அவர் முதலில் பேச்சைப் பார்ப்பதில்லை. காதைச் சோதிக்கச் சொல்வார். கதவைச் சாத்தினால் குழந்தை திரும்பிப் பார்க்கிறது என்பதால் காது நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்ட முடியாது. பெரிய ஓசை கேட்கும் குழந்தைக்கு மெல்லிய ஒலிகள் கேட்காமல் போகலாம். குழந்தை தூங்கும்போது தலையில் மின்வாய்களை ஒட்டி எடுக்கும் ‘பெரா’ சோதனையில் இது தெரிந்துவிடும்.

அடுத்து கேள்விகள். பிரசவம் எப்படி நடந்தது? முதல் சொல் எப்போது வந்தது? வேண்டிய பொருளை விரல் நீட்டிக் காட்டுகிறதா? முகம் பார்த்துச் சிரிக்கிறதா? விளையாட்டுச் சட்டியில் சோறு பொங்குவதுபோலப் பாசாங்கு செய்கிறதா? காது கேளாமை, மூளை வளர்ச்சிக் குறைவு, ஆட்டிசம், மொழி வளர்ச்சியில் மட்டும் உள்ள கோளாறு ஆகியவற்றைப் பிரித்தறிய இந்தக் கேள்விகள் உதவும்.

குழந்தைகள் ஏறத்தாழ ஒரு வயதில் முதல் சொல்லையும், இரண்டு வயதில் இரண்டு சொற்களைச் சேர்த்தும் சொல்வது வழக்கம். இரண்டு வயது முடிந்தும் சொற்கள் சேரவில்லை என்றால் காட்டிவிடுவதே நல்லது. இது அபூர்வமான கோளாறும் அல்ல. இங்கிலாந்தில் 2016-ல் வெளியான ஓர் ஆய்வில், வேறு நோய்க் காரணம் எதுவும் இல்லாமலே மொழி வளர்ச்சிக் கோளாறு உள்ள குழந்தைகள் நூற்றுக்கு ஏறத்தாழ 7 பேர் எனத் தெரிந்தது.

‘கானா’ படும் பாடு

சிக்கல் இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. நிபுணர் படங்களைக் காட்டிக் குழந்தையைச் சோதிப்பார். எந்த மொழியில்?

“நாயைப் பூனை துரத்துது, எந்தப் படம் காட்டு” என்று நாலைந்து வயதுக் குழந்தையிடம் தமிழில் கேட்பதாக வைத்துக்கொள்ளலாம். ‘நாயை’ என்பதிலுள்ள ‘ஐ’ உருபைப் புரிந்துகொண்ட குழந்தை சரியான படத்தைக் காட்டும். புரியாத குழந்தை, நாய் பூனையைத் துரத்தும் படத்தைக் காட்டும். தமிழ் அறியாதவர் இந்தக் கேள்வியைக் கேட்கவே முடியாது. அவர் இந்தியில் கேட்பார். இந்தி அரைகுறையாகத் தெரிந்த குழந்தை விழிக்கும். ‘புரிந்துகொள்ளும் திறன் குறைவு’ என்று அறிக்கையில் ஏறிவிடும்.

உச்சரிப்பிலும் இதே கதைதான். இந்தியில் சாப்பாட்டுக்கு ஒரு சொல், பாட்டுக்கு ஒரு சொல். தமிழில் எழுதினால் இரண்டும் ‘கானா’தான். அந்த ஒலி வேறுபாடு தமிழில் இல்லை. எனவே தமிழ்க் குழந்தை இரண்டையும் ஒன்றுபோலச் சொன்னால் அது நாக்கின் குறையல்ல.

நிபுணர்கள் ஏற்றுக்கொண்டுள்ள விதி தெளிவானது. உண்மையான மொழிக் கோளாறு என்றால் குழந்தை பேசும் எல்லா மொழிகளிலும் அது தெரியும். தமிழில் நன்றாகப் பேசி இந்தியில் மட்டும் திணறினால் அது கோளாறு அல்ல, பழக்கக் குறைவு. சொற்களை எண்ணும்போதும் எல்லா மொழிச் சொற்களையும் சேர்த்தே எண்ண வேண்டும். “அம்மா, பானி குடு” என்று கேட்கும் குழந்தை குழம்பவில்லை. முழு வாக்கியம் பேசுகிறது.

அமெரிக்க வழக்கு

இந்த விதியின் அருமையை அமெரிக்கா வழக்கு மன்றத்தில்தான் கற்றுக்கொண்டது. கலிபோர்னியா மாநிலத்தில் ஸ்பானிய மொழி பேசும் குடும்பங்களைச் சேர்ந்த 9 குழந்தைகளை ஆங்கிலத்தில் சோதித்து, மூளை வளர்ச்சி குன்றியவர்களுக்கான வகுப்பில் போட்டுவிட்டார்கள். ‘டயானா வழக்கு’ எனப்படும் இது 1970-ல் சமரசத்தில் முடிந்தது. தாய்மொழியில் மறுபடி சோதித்தபோது அவர்களில் பெரும்பாலோர் அந்த வகுப்புக்கு உரியவர்களே அல்ல என்று தெரிந்தது. குழந்தையின் தாய்மொழியிலும் சோதிக்க வேண்டும் என்று முடிவாயிற்று.

மும்பையில் என்ன நிலை?

மும்பைக்கு இத்துறை புதிதல்ல. நாயர் மருத்துவமனையில் 1960-களிலேயே இதற்கான பயிற்சிப் படிப்பு தொடங்கியது. பாந்த்ரா ரெக்லமேஷனில் உள்ள அலி யாவர் ஜங் தேசிய நிறுவனம் 1983-ல் ஏற்பட்டது. தமிழுக்கான சோதனைகளும் மைசூரில் உள்ள அகில இந்தியப் பேச்சு, கேட்டல் நிறுவனத்தில் 1980-களிலேயே உருவாக்கப்பட்டன. ஆனால் தமிழ் மட்டும் கேட்டு வளரும் குழந்தைக்கு உரிய அளவுகோல், நாலு மொழி கேட்டு வளரும் மும்பைக் குழந்தைக்கு அப்படியே பொருந்தாது. தமிழ் தெரிந்த நிபுணர் எல்லா இடத்திலும் கிடைப்பார் என்றும் எதிர்பார்க்க முடியாது.

பாந்த்ராவுக்குப் போக காட்கோபரில் ரயில் ஏறி, தாதரில் மாற வேண்டும். தினக்கூலிக்காரருக்கு ஒரு நாள் சம்பளம் போகும். குமாஸ்தாவுக்கு ஒரு லீவு போகும். இவ்வளவு செலவழித்துப் பெறும் அறிக்கை சரியாக இருக்க வேண்டாமா? பள்ளிச் சலுகையும், 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டப்படியான சான்றிதழும் இத்தகைய சோதனைகளை வைத்தே முடிவாகின்றன.

பெற்றோர் செய்ய வேண்டியது

குழந்தை வீட்டில் சொல்லும் சொற்களை, எந்த மொழியானாலும், ஒரு வாரம் எழுதி வைக்கலாம். விளையாடும்போது பேசுவதை மொபைலில் பதிவு செய்து நிபுணரிடம் காட்டலாம். அவருக்குத் தமிழ் தெரியாவிட்டால், இரு மொழியும் தெரிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்லலாம். அவர் கேள்வியை அப்படியே மொழிபெயர்க்க வேண்டும். பதிலைக் குழந்தைக்குச் சொல்லிக்கொடுக்கக் கூடாது. தெரியாத ஒன்றைக் கற்றுக்கொடுத்து, எவ்வளவு விரைவில் பிடித்துக்கொள்கிறது என்று பார்க்கும் முறையும் உண்டு. அதைச் செய்ய முடியுமா என்று கேட்கலாம்.

வீட்டில் தமிழை நிறுத்தத் தேவையில்லை. இரு மொழி கேட்பதால் பேச்சுக் கோளாறு வருவதில்லை. கோளாறு உள்ள குழந்தைக்கும் அதனால் கூடுதல் கெடுதல் இல்லை என்றே ஆய்வுகள் காட்டுகின்றன. அரைகுறை ஆங்கிலத்தில் அம்மா பேசும் பத்து வார்த்தைகளைவிட, தமிழில் அவர் சொல்லும் ஒரு கதையில் குழந்தைக்குக் கிடைக்கும் மொழி அதிகம்.

அறிக்கையைக் கையில் வாங்கியதும் பெற்றோர் கேட்க வேண்டிய முதல் கேள்வி: “இதைத் தமிழிலும் சோதித்தீர்களா?” இல்லை என்று பதில் வந்தால், தமிழிலும் சோதித்துப் பார்க்கும்படி கேட்பதில் தயக்கம் வேண்டாம்.