வயதைக் கேட்டால் குறைந்தா போய்விடுவீர்கள்?

காலையில் எழுந்ததிலிருந்து, நான் நான்தான் என்று யாரிடமாவது நிரூபித்துக்கொண்டே இருக்கிறேன். சிலிண்டர் கொண்டுவருகிற தம்பி அதை வாசலில் இறக்கியதும் இறக்காததுமாக, "ஓ.டி.பி. சொல்லுங்கம்மா" என்கிறார். பல வருடமாக அதே வீடு, அதே அடுப்பு, அதே தம்பி. ஆனாலும் எண்ணைச் சொன்னால்தான் சிலிண்டர். ரேஷன் கடையில் விரல் ரேகை; பாத்திரம் தேய்த்துத் தேய்ந்துபோன விரலை இயந்திரம் ஏற்காவிட்டால், முந்தானையில் துடைத்துத் துடைத்து மறுபடி வைக்க வேண்டும். சிம் கார்டுக்கு ஆதார். ரயிலில் கண் அசந்த நேரத்தில் டிக்கெட் பரிசோதகர் தட்டி எழுப்பி அடையாள அட்டை கேட்கிறார். கேட்கட்டும், தப்பில்லை.

இத்தனை கேள்வி கேட்கிற நாட்டில், கட்டாயம் கேட்க வேண்டிய ஒரு இடத்தில் மட்டும் கேட்பதில்லை. மதுக்கடை ஜன்னலைத்தான் சொல்கிறேன்.

சட்டம் இல்லையா? தாராளமாக இருக்கிறது. தமிழ்நாட்டில் 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்கக் கூடாது. சிறார் நீதிச் சட்டம், 2015 இன்னும் கடுமை: 18 வயதுக்குட்பட்டவருக்கு மது கொடுத்தால் 7 ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். மது சுமக்கவோ விற்கவோ குழந்தையைப் பயன்படுத்தினாலும் அதே தண்டனைதான். "டேய், அப்பாவுக்கு ஒரு குவார்ட்டர் வாங்கிட்டு ஓடி வா" என்று பையன் கையில் பணத்தைத் திணிக்கிற எத்தனை வீடுகளுக்கு இது தெரியும்? ஜன்னல் கம்பிக்கு இந்தப் பக்கம் நீள்வது ஒரு கை. அதில் ரூபாய் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். அந்தக் கைக்கு எத்தனை வயது என்று யார் பார்க்கிறார்கள்?

அந்த வயதும் ஊருக்கு ஊர் வேறு. மது மாநிலப் பட்டியலில் இருக்கிற விஷயம் என்பதால் ஒவ்வொரு மாநிலமும் தன் இஷ்டத்துக்கு ஓர் எண்ணை வைத்திருக்கிறது. கேரளத்தில் 23, அதுவும் 2017இல் 21இலிருந்து ஏற்றியது. புதுச்சேரியில் 18. ஆக, கடலூரில் சின்னப் பையனாக இருக்கிற 19 வயதுக்காரன், டவுன் பஸ்ஸில் புதுச்சேரி எல்லையைத் தொட்டதும் பெரிய மனிதனாகிவிடுகிறான். கோயம்புத்தூரில் பெரிய மனிதனாக இருக்கிற 22 வயதுக்காரன் வாளையாறைத் தாண்டியதும் மறுபடி சின்னப் பையன். டெல்லியில் 25 என்றால், ஒட்டியிருக்கிற ஹரியானா 25ஐ 21 ஆக்கிவிட்டது. மகாராஷ்டிரத்தில் பீருக்கு 21, விஸ்கி, ரம் போன்றவற்றுக்கு 25, அதற்கு மேல் பெர்மிட் வேறு. கர்நாடகத்தில் சட்டம் 18 என்கிறது, விதி 21 என்கிறது. 2023இல் விதியையும் 18க்கு இறக்கப் பார்த்து, எதிர்ப்பு கிளம்பியதும் கைவிட்டார்கள். கேட்கப்போவதே இல்லாத வயதுக்கு இவ்வளவு திருத்தம், இவ்வளவு அரசாணை!

இதற்கு நடுவில் அவ்வப்போது ஒரு பெரிய சண்டை வரும்: மதுவை வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுக்கலாமா, கூடாதா? கொரோனா ஊரடங்கில், 2020 மே மாதம், மாநிலங்கள் வீட்டு விநியோகத்தை யோசித்துப் பார்க்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே மாதம் ஜார்க்கண்டில் ஸ்விகியும் ஸொமாட்டோவும் தொடங்கின. ஒடிசாவும் மேற்கு வங்கமும் பின்னால் வந்தன. டெல்லி 2021இல் செயலி வழி விநியோகத்துக்கு விதியையே திருத்தி, விடுதிக்கும் அலுவலகத்துக்கும் நிறுவனத்துக்கும் மட்டும் கொண்டுபோகக் கூடாது என்றது. கேரளத்தில் 2025இல் பேச்சு எழுந்து, இப்போதைக்கு இல்லை என்று அடங்கியது.

ஒவ்வொரு முறையும் எதிர்ப்பவர்கள் சொல்கிற முதல் காரணம், "பிள்ளைகள் கையில் கிடைத்துவிடுமே!" நியாயமான பயம்தான். அப்பாவின் செல்போனும் அதில் வருகிற ஓ.டி.பி.யும் எந்த வீட்டில் பிள்ளைகளுக்கு எட்டாது? ஒரு ஆர்டருக்கு இவ்வளவு என்று ஓடுகிற விநியோக ஊழியர், கதவைத் திறந்தவரின் முகத்தை அட்டையோடு ஒப்பிட்டுக்கொண்டு நிற்பாரா? வீட்டு விநியோகத்துக்கு நான் வக்காலத்து வாங்க வரவில்லை. எங்கள் தெருவுக்கு அது வேண்டவே வேண்டாம். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஜார்க்கண்டில் அந்தச் செயலிகளில் வாங்க அடையாள அட்டையை ஏற்ற வேண்டியிருந்தது, செல்ஃபி எடுத்து அனுப்ப வேண்டியிருந்தது, வாசலில் ஓ.டி.பி. சொல்ல வேண்டியிருந்தது. ஓட்டைகள் இருக்கலாம். இருந்தும் வயது என்ற கேள்வி அங்கே இருந்தது. பிள்ளைகளுக்காக வீட்டு விநியோகம் ஆபத்து என்று முழங்குகிறவர்கள், அந்தக் கேள்வியே இல்லாத ஜன்னலைப் பற்றி ஏன் வாய் திறப்பதில்லை?

"கூட்டத்தில் எப்படிம்மா கேட்க முடியும்?" என்பார்கள். கேட்டிருக்கிறார்களே! 2020 மே 7 அன்று தமிழ்நாட்டில் கடைகள் திறந்தபோது வயது வாரியாக நேரம் பிரித்தார்கள். 50 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குக் காலை 10 முதல் 1 மணி வரை, 40 முதல் 50 வயது வரை உள்ளவர்களுக்கு 1 முதல் 3 வரை, 40க்குக் கீழே 3 முதல் 5 வரை. கையில் ஆதாரோடு வரச் சொன்னார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் கடைகளை மூடி, இணைய வழியில் மட்டும் விற்கலாம் என்றது. 15ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை நிறுத்திவைத்தது. கடைகள் மறுபடி திறந்தன. அந்தக் களேபரத்திலும் வயதைக் கேட்பது என்ற ஏற்பாடு யாருக்கும் அதிசயமாகப் படவில்லை. கிருமிக்குப் பயந்து கேட்க முடிந்ததை, பிள்ளைக்குப் பயந்து கேட்க முடியாதா?

இப்போது கடைகளில் பாட்டிலுக்கு க்யூ.ஆர். குறியீடு உண்டு. எந்த ஆலையிலிருந்து எந்தக் கிடங்குக்கு வந்து எந்தக் கடைக்குப் போனது என்று தடம் பார்க்கிறார்கள். 2022இல் நீலகிரியில் தொடங்கிய காலி பாட்டில் திட்டத்தில், பாட்டிலில் ஒட்டிய ஸ்டிக்கரைப் பார்த்துத்தான் பத்து ரூபாயைத் திருப்பித் தருகிறார்கள். காலியான பிறகும் பாட்டிலுக்குப் பூர்வீகம் கேட்கிற நிர்வாகம், அதைக் குடிக்கப்போகிறவன் பள்ளிக்கூடத்தை முடித்தானா என்று கேட்பதில்லை.

கேட்காவிட்டால் என்ன ஆகும் என்று புனே காட்டியது. 2024 மே மாதம், பப்பில் குடித்துவிட்டு போர்ஷ் காரை ஓட்டிய 17 வயதுப் பையன், பைக்கில் போன இரண்டு இளம் பொறியாளர்களைக் கொன்றான். அந்த மாநிலத்தில் பீருக்கே 21 வயது ஆக வேண்டும். பரிமாறியவர்களைக் கைது செய்ததெல்லாம் இரண்டு உயிர் போன பிறகு. அந்த ஆண்டு நவம்பரில், விற்கிற இடத்தில் வயதைச் சரிபார்க்கக் கொள்கை வேண்டும் என்ற பொதுநல மனுவில், உச்ச நீதிமன்றம் மத்திய அரசிடம் பதில் கேட்டது.

நடைமுறைச் சிக்கல் எனக்கும் தெரியும். சம்பளம் குறைந்த விற்பனையாளர், வெளியே முண்டியடிக்கிற கூட்டம், "உனக்கு எத்தனை வயசுப்பா?" என்று கேட்டால் கல் பறந்து வரலாம். பழியை அவர் தலையில் போட நான் தயாராக இல்லை. எல்லோரையும் கேட்க வேண்டாம். முப்பதுக்குக் கீழே தெரிகிற முகங்களைக் கேட்டால் போதும். நரைத்த மீசைக்கு அட்டை எதற்கு? அட்டையை நகலெடுத்து அடுக்கவும் வேண்டாம், பிறந்த தேதியைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுங்கள். இரண்டு நாள் தகராறு வரும்; அந்த இரண்டு நாளும் ஒரு போலீஸ்காரரை நிறுத்துங்கள். 2024-25இல் அரசின் மது விற்பனை நிறுவனமான டாஸ்மாக் ஈட்டித் தந்த வருவாய் 48,344 கோடி ரூபாய். அதில் ஒரு துளியை எடுத்தால் வயதைக் கேட்க ஆளும் கருவியும் வந்துவிடும்.

வீட்டில் இருக்கிற அப்பாக்களே, தாத்தாக்களே, மாமாக்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் பாட்டிலை நீங்களே போய் வாங்குங்கள். பையனை அனுப்பாதீர்கள், அது சிறைக்குப் போகிற குற்றம்.

அரசாங்கத்துக்கும் ஒன்றுதான் கேட்கிறேன். வீட்டுக்கு அனுப்புவதா, வயதை ஏற்றுவதா, இறக்குவதா என்ற வாதத்தை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். எழுதி வைத்திருக்கிற 21ஐ முதலில் ஜன்னலில் கேளுங்கள். கேட்க மனமில்லை என்றால், சட்டத்திலிருந்து அந்த எண்ணை எடுத்துவிடுங்கள். எங்களை ஏமாற்றாமலாவது இருப்பீர்கள்.