நான்கு பேர், ஒரு சறுக்கு வண்டி

பனிக்கட்டியைச் சர்பத் தம்ளரில் மட்டுமே பார்த்துப் பழகியவர்கள் நாம். குளிர்கால ஒலிம்பிக் என்று ஒன்று நடப்பதே நம்மில் பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் பத்திரிகையில் அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போய்விடுவார்கள். ஆனால் 1994 பிப்ரவரி 12 அன்று நார்வே நாட்டின் லில்லேஹாமர் நகரில் நடந்த தொடக்க விழாவை அப்படிப் புரட்டிவிட்டுப் போக முடியாது. அந்த அணிவகுப்பில் பத்தே வீரர்களைக் கொண்ட ஓர் அணி நடந்து வந்தது. வெள்ளைக் கொடி, நடுவில் நீலக் கேடயம், அதில் ஆறு தங்க லில்லிப் பூக்கள். போஸ்னியா-ஹெர்ஸகோவினா என்ற நாடு குளிர்கால ஒலிம்பிக்கில் கால் வைத்த முதல் நாள் அது.

முதல் நாள் என்றதும் விளையாட்டுக்குப் புதியவர்கள் என்று எண்ணிவிட வேண்டாம். சரியாகப் பத்தாண்டுகளுக்கு முன், 1984 பிப்ரவரியில், இதே போட்டிகளை நடத்தி உலகத்துக்கே விருந்து வைத்த ஊர் அவர்களுடைய தலைநகரான சரயேவோ. அன்று யூகோஸ்லாவியா என்ற ஒரே நாடு. 49 நாடுகளின் வீரர்கள் வந்தார்கள். அந்த ஊரின் ஸெத்ரா அரங்கில்தான் பனிச்சறுக்கு நடனங்கள் நடந்தன. ஊரை ஒட்டிய ட்ரெபெவிச் மலைச்சரிவில் சறுக்கு வண்டிகளுக்காகக் கான்கிரீட் பாதை கட்டினார்கள்.

அந்த அரங்கமும் அந்தப் பாதையும் பத்தாண்டுகளில் என்ன ஆயின? 1992 ஏப்ரலில் செர்பியப் படைகள் சரயேவோவைச் சுற்றி வளைத்தன. ட்ரெபெவிச் சறுக்குப் பாதை பீரங்கி நிலையாக மாறியது. எந்த மலையிலிருந்து வீரர்கள் பாய்ந்து இறங்கினார்களோ, அதே மலையிலிருந்து குண்டுகள் இறங்கின. ஸெத்ரா அரங்கமும் குண்டு வீச்சில் சிதைந்தது. அதன் அடித்தளம் பிணவறையானது. பார்வையாளர்கள் அமர்ந்த மர இருக்கைகளை உடைத்துச் சவப்பெட்டி செய்தார்கள். பக்கத்துத் திடல் கபரஸ்தானாயிற்று.

இந்த ஊரிலிருந்துதான் அந்தப் பத்துப் பேர் அணி!

1994 ஒலிம்பிக்குக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. பண்டைய கிரேக்கர்களின் வழக்கப்படி, போட்டி தொடங்குவதற்கு ஏழு நாள் முன்பிருந்து முடிந்து ஏழாம் நாள் வரை உலகமெங்கும் போர்களை நிறுத்தி வைக்க வேண்டும் என்று ஐ.நா. பொதுச்சபை 1993 அக்டோபரில் தீர்மானம் போட்டது. ஏழு நாள் முன் என்றால் எந்த நாள்? பிப்ரவரி 5. அன்றைய தினம்தான் சரயேவோவின் மார்கலே சந்தையில் ஒரே ஒரு குண்டு விழுந்து 68 பேர் மாண்டார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். சாமான் வாங்க வந்த சாதாரண ஜனங்கள்! அதே வாரத்தில்தான் ரமலான் நோன்பும் தொடங்கியது. முற்றுகையிட்ட படையின் தளபதி ஸ்தானிஸ்லாவ் காலிச் மீது இந்தக் குற்றம் சர்வதேச நீதிமன்றத்தில் உறுதியாகி, அவனுக்கு ஆயுள் தண்டனை கிடைக்க 2006 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

தொடக்க விழாவில் ஒலிம்பிக் கமிட்டித் தலைவர் சமராஞ்ச் சரயேவோவுக்காக மௌனம் காக்கச் சொன்னார். சண்டையை நிறுத்துங்கள், ஆயுதங்களைக் கீழே போடுங்கள் என்று வேண்டினார். சில நாட்களில் தாமே சரயேவோவுக்கும் போய்ப் பார்த்து வந்தார். அவருடைய மனத்தில் ஈரம் இல்லை என்று நாம் சொல்லவில்லை. ஆனால் ஆயுதத்தைக் கீழே போடுங்கள் என்பதை யாரைப் பார்த்துச் சொல்வது? 1991 செப்டம்பரில் யூகோஸ்லாவியா முழுமைக்கும் ஐ.நா. பாதுகாப்புச் சபை ஆயுதத் தடை விதித்தது. யூகோஸ்லாவிய ராணுவத்தின் பீரங்கிகளைச் சுருட்டிக்கொண்டவர்களை அந்தத் தடை என்ன செய்யும்? கையில் எதுவுமில்லாமல் பிறந்த போஸ்னியாவின் கையைத்தான் அது கட்டிப் போட்டது. திருடனுக்கும் வீட்டுக்காரனுக்கும் சேர்த்து ஒரே புத்திமதி!

இதற்கு மேலை நாட்டுத் தலைவர்களும் பத்திரிகைகளும் சொன்ன சமாதானம் ஒன்று உண்டு. அது நூற்றாண்டுக் கணக்கான மதப் பகையாம், அவர்கள் ஒருவரோடு ஒருவர் வாழவே முடியாதவர்களாம், வெளியார் தலையிட்டுப் பயனில்லையாம். இந்தப் பேச்சுக்குப் பதில் லில்லேஹாமரிலேயே இருந்தது. போஸ்னிய அணியில் நால்வர் ஓட்டும் பாப்ஸ்லெட் வண்டி ஒன்று கலந்துகொண்டது. அதில் இருந்தவர்கள் சொரான் சொகோலோவிச், இகோர் போராஸ், இஸெத் ஹராசிச், நிஸார் சாசிராகிச். ஒருவர் செர்பியர், ஒருவர் குரோஷியர், இருவர் முஸ்லிம்கள். (நிஸார் என்று கூப்பிட்டால் நம் ஊர்த் தெருவில் நாலு பேராவது திரும்பிப் பார்ப்பார்கள்.)

அந்த வண்டி எப்படி ஓடுகிறது என்பதையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நால்வரும் வண்டியைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே முழு வேகத்தில் ஓட வேண்டும். பிறகு ஒருவர் பின் ஒருவராக, முறை தப்பாமல், உள்ளே பாய்ந்து உட்கார வேண்டும். முன்னால் இருப்பவர் திருப்புவார், கடைசியில் இருப்பவர் முடிவில் பிரேக் பிடிப்பார். நடுவில் உள்ளவர்கள் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, முன்னால் இருப்பவரின் கையை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். நூறு கிலோமீட்டருக்கும் அதிக வேகம். ஒருவர் கால் தவறினால் நால்வருக்கும் ஆபத்து. ஒன்றாக வாழவே முடியாதவர்கள் செய்கிற காரியமா இது?

அவர்கள் ஜெயிக்கவில்லை. பட்டியலின் அடியில்தான் வந்தார்கள். அதைப் பற்றி யாருக்குக் கவலை?

சரயேவோவுக்கு உள்ளேயும் இதே நிலைதான். முற்றுகைக்குள் அகப்பட்டுப் பட்டினி கிடந்தவர்களில் செர்பியர்களும் இருந்தார்கள். நகரைக் காத்த படையின் தளபதிகளில் ஒருவரான யோவான் திவ்யாக் ஒரு செர்பியர். 2021-இல் அவர் இறந்தபோது சரயேவோ அவருக்காக அழுதது. போஸ்னியாவைத் தாக்கியவர்கள் முஸ்லிம்களைக் கொன்றார்கள் என்பது உண்மை. முஸ்லிமும் செர்பியரும் குரோஷியரும் சேர்ந்து ஒரு நாடாக இருக்கலாம் என்ற எண்ணத்தையும் கொல்ல நினைத்தார்கள் என்பது அதே அளவு உண்மை. இதை நம் சமுதாயத்தில் சிலர் பேச மறந்துவிடுகிறார்கள்.

ஊர் எரியும்போது விளையாட்டு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் அப்படி ஒரு நாடே கிடையாது, அப்படி ஒரு மக்களே கிடையாது என்று சொல்லி அழிக்க வந்தவர்களுக்கு எதிரே, அந்த நாட்டின் பெயரை உலகம் முழுவதும் கேட்க ஒலிபெருக்கியில் அறிவிக்க வைப்பது வெறும் விளையாட்டா? 1992 மே மாதம் ஐ.நா.வில் உறுப்பினரான சில வாரங்களிலேயே பார்சிலோனா ஒலிம்பிக்குக்கும் போனார்கள். தடுப்பு முகாமிலிருந்து மீண்ட மிர்ஸாதா பூரிச் என்ற பெண், துப்பாக்கி முனையில் கிடந்த சரயேவோவின் தெருக்களில் ஓடிப் பயிற்சி எடுத்து அங்கே ஓடினார். அவர்கள் விளையாடியதில் குற்றமில்லை. பார்த்துக் கைதட்டிவிட்டுக் கடமை முடிந்தது என்று எழுந்து போனவர்களிடம்தான் குற்றம்.

ஏனென்றால் தடுக்க முடியாத கொடுமை அல்ல அது. மார்கலே படுகொலைக்குப் பிறகு, பிப்ரவரி 9 அன்று, பத்து நாளில் பீரங்கிகளைச் சரயேவோவை விட்டு 20 கிலோமீட்டர் அப்பால் நகர்த்தாவிட்டால் விமானத் தாக்குதல் என்று நேட்டோ எச்சரித்தது. லில்லேஹாமரில் போட்டி நடந்துகொண்டிருக்கும்போதே பீரங்கிகள் நகர்ந்தன, அல்லது ஐ.நா. காவலுக்குள் வந்தன. ஒரு கண்டிப்பான வார்த்தைக்கு நகர்ந்த பீரங்கிகள்! அந்த வார்த்தையைச் சொல்ல 22 மாதம் ஏன் ஆயிற்று? சொன்ன பிறகும் அந்தக் கண்டிப்பு ஏன் நீடிக்கவில்லை? 1995 ஜூலையில் ஸ்ரெப்ரெனிட்சாவில், ஐ.நா. பாதுகாப்புப் பகுதி என்று அறிவித்த இடத்திலேயே, எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டார்கள். சரயேவோ முற்றுகை 1996 பிப்ரவரியில்தான் முடிந்தது. 2012-இல் நினைவு நாளன்று அந்நகர வீதியில் 11,541 சிவப்பு நாற்காலிகளைக் காலியாகப் போட்டு வைத்தார்கள். மாண்டவர் ஒருவருக்கு ஒரு நாற்காலி.

ஸெத்ரா அரங்கத்தைச் செப்பனிட்டு 1999-இல் மீண்டும் திறந்தார்கள். 2010-இல் அதற்குச் சமராஞ்சின் பெயரைச் சூட்டினார்கள். அவர் அந்த ஊரை மறக்காமல் உதவினார், அந்த நன்றி இருக்கட்டும். எங்களைக் கேட்டிருந்தால், அந்த வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடிய நால்வரின் பெயரைச் சொல்லியிருப்போம்.