அந்த ஒரு நாள் செலவு!

ஃப்ரெண்ட்ஸ், ஃபைனல் இயர் சீனியர்ஸ் எல்லாம் டை கட்டிக்கிட்டு, ஃபைலைத் தூக்கிக்கிட்டு கேம்பஸ் இன்டர்வியூவுக்கு அலையறாங்களே... அதுக்கு ஜப்பான்ல ஒரு பேர் இருக்கு. ‘ஷூகாட்சு’. வேலை தேடும் படலம்னு அர்த்தம். 2009-ல அங்க ஒரு வாரப் பத்திரிகை இந்த வார்த்தையில முதல் எழுத்தை மட்டும் மாத்திப் போட்டுச்சு. உச்சரிப்பு அதேதான். அர்த்தம் மட்டும், ‘முடிவுக்குத் தயாராகும் படலம்’! தன் சாவுச் செலவுக்குத் தானே பணம் எடுத்து வைக்கறது, சடங்கு எப்படி நடக்கணும்னு எழுதி வைக்கறது, மாலை போட வேண்டிய போட்டோவைக்கூட முன்னாடியே எடுத்து வைக்கறது. வார்த்தை செம ஹிட். அதுக்குன்னு கண்காட்சியே நடத்தறாங்க. சவப்பெட்டியில படுத்துப் பார்த்து சைஸ் செக் பண்றவங்களும் உண்டு.

‘விளக்கு வெக்கற நேரத்துல என்னடா பேச்சு இது, வாயைக் கழுவு’ன்னு உங்க வீட்டுல சொல்வாங்க. எங்க வீட்டுலயும் அதேதான் சொன்னாங்க.

எங்க ஊர் காஞ்சிபுரம். ஊர் உலகத்துக்கே கல்யாணப் பட்டு நெய்யற ஊர். பொண்ணு பொறந்ததுமே சீட்டு கட்ட ஆரம்பிச்சு, முகூர்த்தப் புடவைக்கு என்ன பார்டர், என்ன பேட்டுன்னு வரைக்கும் கணக்குப் போடற ஆளுங்க நாம. கல்யாணம் நடக்கலாம், நடக்காமலும் போகலாம். கட்டாயம் நடக்கப்போற இன்னொண்ணு இருக்கே, அதுக்கு மட்டும் நம்மகிட்ட பட்ஜெட்டே கிடையாது.

பிள்ளையார்பாளையம் பக்கம் போனா தெருவுக்குத் தெரு தறிச் சத்தம் கேக்கும். அங்க ஒரு நெசவாளர் அண்ணன்கிட்ட, ‘சாவு விழுந்தா என்னண்ணே செலவாகும்?’னு தயங்கித் தயங்கித்தான் கேட்டேன். அவர் தறியை நிறுத்தாமலே விரல் விட ஆரம்பிச்சார். ஐஸ் பெட்டி, ஷாமியானா, பிளாஸ்டிக் சேர், வர்றவங்களுக்கு டீ, மேளம், பூ, பாடை, வண்டி, சுடுகாட்டுல குடுக்க வேண்டியது, வெளியூர் சொந்தத்துக்குச் சாப்பாடு... கை விரல் பத்தலை. ‘இதெல்லாம் ஒரு நாள் கணக்குதான் தம்பி. இன்னும் பால் தெளி இருக்கு, காரியம் இருக்கு’ன்னார். அப்புறம் சொன்னதுதான் மேட்டர். ‘தீட்டு முடியற வரைக்கும் தறியில உக்கார மாட்டோம். தறி நின்னா கூலி நிக்கும்.’

செலவு வாசல்ல வந்து நிக்கற அதே நாள்ல வருமானம் நின்னுபோகுது பாருங்க. மாசச் சம்பளக்காரங்களுக்கு லீவாவது கிடைக்கும். புடவையை அறுத்துக் குடுத்தாத்தான் கூலின்னு இருக்கறவங்களுக்கு?

முன்பணம்தான். பட்டும் ஜரிகையும் குடுத்து நெய்யச் சொல்ற முதலாளிகிட்டயே கை நீட்டணும். நள்ளிரவுல கதவைத் தட்டினாலும் குடுப்பார், அதுல குறையில்லை. ஆனா அந்தக் கடன் தீராம வேற இடத்துக்குத் தறி ஓட்டப் போக முடியாது. அப்பா வாங்கின முன்பணத்துக்காகப் புள்ளைங்க தறியில உக்காந்த கதை இந்த ஊர்ல நிறைய. ‘ஹியூமன் ரைட்ஸ் வாட்ச்’ அமைப்பு இந்தியப் பட்டுத் தொழில்ல கொத்தடிமைக் குழந்தைகளைப் பத்தி 2003-ல வெளியிட்ட அறிக்கையில காஞ்சிபுரம் பேரும் இருக்கு. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்ததோ 1976-ல! இப்போ குழந்தைங்க ஸ்கூலுக்குப் போறாங்க, காலேஜுக்கும் வர்றாங்க. நம்ம கிளாஸ்லயே இருப்பாங்க. ஆனா, செமஸ்டர் நடுவுல வீட்டுல ஒரு சாவு விழுந்து, ஃபீஸுக்கு வச்சிருந்த பணம் அப்படியே ஷாமியானாவுக்கும் ஐஸ் பெட்டிக்கும் போனா? அந்தப் பையன் அரியர் வைக்கறது கணக்குப் பாடம் வராததாலன்னு ஹெச்.ஓ.டி நினைச்சுப்பார்.

(பிரியதர்ஷனோட ‘காஞ்சிவரம்’ படம் பார்த்தவங்களுக்குக் கடைசி சீன் ஞாபகம் இருக்கும். பார்க்காதவங்க பாருங்க, பிரகாஷ்ராஜுக்கு தேசிய விருது வாங்கிக் குடுத்த படம். சீனைச் சொல்ல மாட்டேன். ஆனா ஒரு துண்டுப் பட்டு எவ்வளவு நீளம் இருந்தா போதும்ங்கற கேள்வி ரெண்டு நாள் தூங்க விடாது.)

சரி, அரசாங்கம் ஒண்ணுமே பண்ணலையான்னா, பண்ணியிருக்கு. கைத்தறிப் பட்டு நெசவுத் தொழிலாளர்களுக்குன்னே தமிழ்நாட்டுல தனி நல வாரியம் இருக்கு. அதுல பதிவு பண்ணின தொழிலாளி இறந்தா ஈமச்சடங்குக்கு 5,000 ரூபாய். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகள்ல வேலை பார்த்து இ.எஸ்.ஐ. பிடிக்கறவங்களா? அவங்களுக்கு ஈமச்சடங்கு உதவி 15,000 ரூபாய் வரைக்கும். அரசு ஆஸ்பத்திரியில இறந்தா உடலை வீட்டுக்குக் கொண்டுவர இலவச அமரர் ஊர்தி இருக்கு, 155377-க்கு போன் பண்ணணும். அந்த நேரத்துல ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கற பிரைவேட் வண்டிகிட்ட பேரம் பேசற தெம்பு யாருக்கும் இருக்காது.

அப்புறம் பேங்க் பாஸ்புக். உங்க அப்பாவோட பாஸ்புக்கை எடுத்து மே மாசக் கடைசி என்ட்ரியைப் பாருங்க. 436 ரூபாயும் 20 ரூபாயும் பிடிச்சிருக்கா? 436-ன்னா பிரதமர் ஜீவன் ஜோதி இன்ஷூரன்ஸ். 50 வயசுக்குள்ள சேர்ந்திருக்கணும், 55 வயசு வரைக்கும் கவரேஜ். எப்படி இறந்தாலும் குடும்பத்துக்கு 2 லட்சம் (புதுசா சேர்ந்தா முதல் 30 நாள்ல விபத்துச் சாவுக்கு மட்டும்தான்). 20 ரூபாய்ன்னா விபத்துக் காப்பீடு, 18-லேர்ந்து 70 வயசு வரைக்கும், விபத்துல இறந்தா 2 லட்சம். கணக்குல பேலன்ஸ் இல்லாம பிரீமியம் போகலைன்னா கவரேஜும் இல்லை. இதைவிடக் கொடுமை, பிரீமியம் ஒழுங்கா போயிருக்கும், ஆனா அப்படி ஒரு இன்ஷூரன்ஸ் இருக்கறதே வீட்டுல யாருக்கும் தெரியாது. கேக்காத பணத்தை யாரும் வீடு தேடி வந்து குடுக்க மாட்டாங்க.

நாமினி பேரையும் பாருங்க. நாமினி இல்லைன்னா வாரிசு சான்றிதழுக்குத் தாலுகா ஆபீஸ் படியேறணும். ஆதார்ல இனிஷியல் முன்னாடி, ரேஷன் கார்டுல பின்னாடி, பேங்க்ல இனிஷியலே இல்லைன்னு இருந்தா இப்பவே சரி பண்ணிடுங்க. இறப்பை 21 நாளுக்குள்ள பதிவு பண்ணினா கட்டணம் இல்லை. தாமதமானா ஃபைன், அதுக்கும் மேல போனா அலைச்சல்.

இவ்வளவும் சொல்லிட்டு ஒரு சின்ன குண்டைப் போடறேன். மேல சொன்ன எந்தப் பணமும் அந்த நாள்ல கைக்கு வராது! எல்லாத்துக்கும் முதல்ல இறப்புச் சான்றிதழ் வேணும். ஐஸ் பெட்டிக்காரர் சான்றிதழ் வர்ற வரைக்கும் காத்திருப்பாரா? முன்பணம் கேட்டு ஓட வைக்கறது இந்த இடைவெளிதான். அப்புறம் வர்ற 2 லட்சம் குடும்பத்தை நிமிர்த்தும், சந்தேகமே இல்லை. ஆனா முதல் 24 மணி நேரத்துக்குத் தனியா ஒரு ஏற்பாடு வேணும்.

இதுல நம்மளைவிட இலங்கைக்காரங்க கில்லாடிங்க. அங்க ஊருக்கு ஊர் மரண உதவிச் சங்கம் வச்சிருக்காங்க. மாசாமாசம் சின்னதா ஒரு சந்தா. யார் வீட்டுல சாவு விழுந்தாலும் சங்கத்துலேர்ந்து கையில காசு, உக்கார நாற்காலி, கொட்டகை, கூடவே நாலு ஆளு. நம்ம ஊர்லயும் சில தெருக்கள்ல, சில தொழிற்சங்கங்கள்ல ‘தலைக்கு இவ்வளவு’ன்னு வசூல் பண்ணிக் குடுக்கற வழக்கம் உண்டு. ஒரே தெரு, ஒரே தொழில்ங்கறதால கணக்கை யாரும் ஏமாத்த முடியாது. முகம் தெரியாத கம்பெனிகிட்ட மொத்தமா முன்னாடியே கட்டறது வேற கதை. இங்கிலாந்துல ‘சேஃப் ஹேண்ட்ஸ்’னு ஒரு கம்பெனி, இறுதிச் சடங்குக்கு முன்கூட்டியே பணம் வாங்கிட்டு 2022 மார்ச்ல நொடிச்சுப்போச்சு. சுமார் 46,000 பேர் பணம் கட்டியிருந்தாங்க. பேர் என்னவோ பாதுகாப்பான கைகள்!

இந்தியாவுலயும் அந்த மாதிரி பேக்கேஜ் விளம்பரம் கண்ணுல பட ஆரம்பிச்சிருக்கு. என்னைக் கேட்டா, அந்தப் பணம் வீட்டுப் பேர்லயே இருக்கட்டும்.

எப்படின்னு கத்துக் குடுத்தது அதே தெருவுல ராட்டையில நூல் சுத்திக்கிட்டிருந்த ஒரு ஆயா (எங்க பக்கம் பாட்டியை ஆயான்னுதான் சொல்வோம்). நான் சுத்தி வளைச்சுக் கேட்டதும், ‘என் சாவுச் செலவா? அது தபால் ஆபீஸ்ல தூங்குது கண்ணு’ன்னாங்க. முதியோர் பென்ஷன்ல மிச்சம் பிடிச்சு, நூல் சுத்தற காசையும் போட்டு, பேத்தியோட சேர்த்து ஜாயின்ட் கணக்கு. அதுலயும் ‘ஜாயின்ட் பி’. ரெண்டு பேர்ல யார் வேணா தனியா எடுக்கலாம், ஒருத்தர் இல்லாமப் போனா மத்தவருக்கு. ஆயா பேர்ல மட்டும் இருந்தா, ஆயா போன அன்னிக்குப் பேத்தி அதைத் தொட முடியாது. இதை ஒரு போஸ்ட்மேன் சொல்லிக் குடுத்தாராம். அவருக்கு ஒரு சல்யூட்.

ஏன் பேத்தி, ஏன் மகன் இல்லைன்னு கேட்டேன். ‘அவன் ஊர் மெச்ச செய்யணும்னு தாரை தப்பட்டை, பட்டாசு, பூப்பல்லக்குன்னு போவான். இவ பிகாம் படிக்கறா, கணக்குப் பார்த்து செய்வா’ன்னாங்க. என்னென்ன வேணும், என்னென்ன வேணாம்னு லிஸ்ட்டும் பேத்திகிட்ட சொல்லியாச்சு. மேளம் வேணாம். பட்டாசு வேணவே வேணாம், பக்கத்து வீட்டுல கைக்குழந்தை இருக்கு. காரியத்துக்கு வடை பாயசம் கட்டாயம் உண்டு. ‘இதெல்லாம் பேசினா பயமா இல்லையா ஆயா?’

‘பேசினா சாவு சீக்கிரம் வந்துடுமா? பேசாம இருந்தா வராம போயிடுமா?’ன்னு கேட்டுட்டு ராட்டையை ஒரு சுத்து சுத்தினாங்க. அப்புறம் என்னை மேலயும் கீழயும் பார்த்தாங்க. ‘ஆமா, நீ பைக்ல பறந்து பறந்து காலேஜ் போறியே... அந்த இருபது ரூபா கட்டியிருக்கியா? யார் பேர் போட்டிருக்கே?’

‘அம்மா பேர் ஆயா.’

‘அம்மாகிட்ட சொன்னியா?’